ஞாயிற்றுக்கிழமை மாத்திரை கொடுத்த அம்சம்

இல்லத்தின் தலைவர் அவர்களே, செயலாளர் திரு. ராஜராஜன் அவர்களே, மருத்துவர் ஸ்ம்ருதி அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் கண்டியூர், திருவையாறு மக்களே, இல்லத்துப் பெரியவர்களே, தாயைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகளே கவிப்ரியா! எல்லோருக்கும் வணக்கம்.

நான் பூவிழி. செங்கமலம் முதியோர் இல்லத்தில் ஒன்பது ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸ். எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அது போதாது. துண்டுச் சீட்டு அனுப்பினாலும் நிறுத்த மாட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய செயலாளர், அம்சம் அம்மையார் எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்றார். பின்னால் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸில் 'சேவைச் செம்மல்' என்று போட்டிருக்கிறது. நான் கேட்கிறேன்: குடும்பத்தில் ஒருவருக்கு மெமோ கொடுப்பீர்களா? சேவைச் செம்மலை வேலையை விட்டு நிறுத்தி வைப்பீர்களா? பதினோரு நாளைக்கு முன்பு அம்சம் செத்துப் போனாரே, அன்றைக்கு அவர் உங்கள் குடும்பத்தில் இருந்தாரா, வெளியே இருந்தாரா?

வெளியே இருந்தார். சம்பா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். கார்த்திகை மழையில், மதியம் இரண்டு மணிக்கு, இடி விழுந்து செத்தார். இடிக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று மேடையில் சிலர் நினைக்கலாம். ஆறு வருடம் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்ட உதவியாளரைக் களை எடுக்க அனுப்பியது வானமா? செயலாளரின் கையெழுத்தும் என் மௌனமும் சேர்ந்துதான் அனுப்பின.

நடந்ததைச் சொல்கிறேன். கேளுங்கள்.

நம் இல்லத்தில் நாற்பத்தாறு பேர். பிள்ளைகள் துபாயில், சிங்கப்பூரில், பெங்களூரில். இத்தனை பேருக்கும் நர்ஸ் நான் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. நோய்க்கு லீவு உண்டா? சனிக்கிழமை சாயங்காலமே ஒவ்வொருவர் மாத்திரையையும் சின்னக் கிண்ணத்தில் போட்டு, பெயர் ஒட்டி வைத்துவிட்டுப் போவேன். ஞாயிற்றுக்கிழமை உதவியாளர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். திங்கள்கிழமை வந்து, நான் கொடுத்ததாக நானே ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவேன். இப்படித்தான் நடந்தது. செயலாளருக்குத் தெரியும். தலைவருக்கும் தெரியும்.

இதை முதலில் கேள்வி கேட்டவர் அம்சம். பத்தாவது வரை படித்தவர். ஒரு சனிக்கிழமை என்னிடம் வந்தார். "அக்கா, என்ன மாத்திரை, எதுக்குன்னு தெரியாம ஒரு மனுசர் வாயில நான் எப்படிப் போடறது? சொல்லிக் குடுங்க. கத்துக்கிட்டுக் குடுக்கறேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் மூணரை வருசம் படிச்சுட்டு வந்தவ. நீ ஆயா. ஆயா வேலையைப் பாரு" என்றேன்.

பாராட்டிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்றால், தவறான ஆளைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

அம்சம் விடவில்லை. வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் டாக்டர் ஸ்ம்ருதியிடம் கேட்டார். டாக்டர் போன ஆனியில் தொடங்கி, தினமும் வந்து, உதவியாளர்களுக்கு நாற்பது நாள் வகுப்பு எடுத்தார். யாருக்கு, எது, எவ்வளவு, எப்போது. எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போது கொடுக்கக் கூடாது! பரீட்சையும் வைத்தார். தவறியவர்களை மறுபடி உட்கார வைத்தார். அம்சம் முதலாவதாகத் தேறினார். இனி இவர்கள் வெளிப்படையாகக் கொடுக்கட்டும், கொடுத்தவரே கையெழுத்துப் போடட்டும் என்று டாக்டர் நிர்வாகத்துக்கு எழுதினார்.

அதை எதிர்த்து எழுதியது நான். என் வேலைக்கு ஆயாக்கள் போட்டியா என்ற ஆத்திரம். செயலாளருக்கு என் கடிதம் வசதியாகப் போயிற்று. 'உதவியாளர்கள் மருந்தைத் தொடக் கூடாது' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை கொடுத்தது யார்? அதே உதவியாளர்கள்! "எழுத்துல ஒண்ணு இருக்கட்டும், நீங்க பாட்டுக்குக் குடுங்க" என்று சொன்னது யார்? அதே செயலாளர்!

கையைக் காட்டாதீர்கள் சார். உட்காருங்கள். உங்களுக்கு ஃபிளெக்ஸ் இருக்கிறது. எனக்கு இந்த மைக் மட்டும்தான்.

ஐப்பசி இரண்டாவது ஞாயிறு. அதோ வீல்சேரில் இருக்கிறாரே ஆனந்தம் டீச்சர், அவருக்கு இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை ஒன்று உண்டு. காலையில் அம்சம் கிண்ணத்தோடு போனபோது டீச்சர் இட்லியைத் தொடவில்லை. "பல்பைச் சுத்தி மஞ்சளா வளையம் தெரியறதுடி அம்சம், குமட்டறது" என்றாராம். அம்சம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணினார். ஐம்பத்திரண்டு. அறுபதுக்குக் கீழே போனால் அந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது என்பது வகுப்பில் படித்தது.

எனக்கு போன் வந்தது. நான் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன்.

"அக்கா, டீச்சருக்கு நாடி அம்பத்திரண்டுதான் இருக்கு."

"நான் எடுத்து வச்சா சரியாத்தான் இருக்கும். குடு."

"நான் குடுக்க மாட்டேங்க்கா."

"எனக்கே சொல்லிக் குடுக்கறியா?"

"இல்லக்கா. ஆனா குடுக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டார். டாக்டருக்கு போன் போட்டார். டாக்டர் சொன்னபடி ஆட்டோ பிடித்து, டீச்சரை மடியில் சாய்த்துக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். இரத்தத்தில் மருந்து அளவுக்கு மேல் ஏறியிருந்தது. இன்னும் ஒரு மாத்திரை போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். ஆனந்தம் டீச்சர் பிழைத்தார்.

டீச்சரின் மகன் பெங்களூரிலிருந்து வந்து காரணம் கேட்டார். நிர்வாகத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அம்சத்துக்கு மெமோ! அதில் இரண்டு குற்றம். விதியை மீறி மருந்தைத் தொட்டார் என்பது ஒன்று. தர வேண்டிய மருந்தைத் தர மறுத்தார் என்பது இன்னொன்று. ஒரே காகிதத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக! தட்டச்சு செய்தவருக்குக்கூடச் சிரிப்பு வரவில்லையா? விசாரணை முடியும்வரை வேலை கிடையாது என்றார்கள். கிண்ணத்தில் மாத்திரையை அம்சம்தான் மாற்றி வைத்திருப்பார் என்றும் மெல்லப் பேச விட்டார்கள்.

அம்சம் என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றே, "அக்கா, நான் எதையும் மாத்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார். நான், "பாக்கலாம், போ" என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

கவிப்ரியா, இதை உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உன் அம்மா எதையும் மாற்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து நாளைக்கு முன்பே டாக்டர் டீச்சரின் மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதியிருந்தார். நான் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. பத்து நாளும் முழு மாத்திரை வைத்தது நான். தப்பு என் கையில். பழி உன் அம்மா தலையில். மூணரை வருடம் படித்த நான் பார்க்காததை, நாற்பது நாள் படித்த உன் அம்மா பார்த்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. பயமும் இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

இன்று காலை விசாரணைக் குழுவிடம் இதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு நகல் டாக்டரிடம் இருக்கிறது, இன்னொன்று ஆனந்தம் டீச்சர் மகனுக்குப் போய்விட்டது. என் நர்ஸ் பதிவை ரத்து செய்தால் செய்யட்டும். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ, அவர் இல்லை.

ஆனால் அவர் கேட்டது இருக்கிறது. திருட்டுத்தனமாக அல்ல, கற்றுக்கொண்டு, எழுத்தில் அனுமதி வாங்கி மாத்திரை கொடுப்போம் என்றார். அதை நிறைவேற்றியே தீருவோம்! வருகிற திங்கள்கிழமை வகுப்பு மறுபடி தொடங்குகிறது. டாக்டர் எடுப்பார். நானும் எடுப்பேன். ஏழு உதவியாளர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். இல்லத்தில் இடமில்லை என்றால் கண்டியூரில் என் வீட்டுக் கூடத்தில் நடக்கும். படித்துத் தேறியவர் கொடுப்பார், கொடுத்தவர் கையெழுத்துப் போடுவார். கொடுக்காததற்கு இனி நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேறு நர்ஸ் வந்தாலும் போட விடமாட்டோம்!

செயலாளர் அவர்களே, நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக நீங்கள் படத்துக்கு மாலை போட வேண்டும். மாலை மேசையில் இருக்கிறது. உங்கள் லெட்டர்பேடும் பையில் இருக்கும். முதலில் அந்த மெமோவை ரத்து செய்து இரண்டு வரி எழுதி, அவர் மகள் கையில் கொடுங்கள். அதுவரை மாலையில் கை வைக்காதீர்கள்.

எழுதுங்கள். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம்.