சதக் பாயின் மூச்சு

— மறுபடியுமா? இப்பத்தான காலத் தூக்கி எறக்குனிய, சிஸ்டர்!

— ரெண்டு தடவையும் மிஷின்ல நம்பர் ஏறல, சதக் பாய். கடைசியா ஒருவாட்டி பாக்கச் சொல்றாரு டாக்டர்.

— நெஞ்சப் பொளந்து தச்சுப்புட்டு காலத் தூக்கிப் பாக்குறது என்ன வைத்தியம்? நாக்கு ஒட்டிக்கிச்சு. இங்கன ஒரு குழாய், அங்கன ஒரு ஒயரு. வலையில மாட்டுன நண்டு கணக்கா கெடக்கேன்.

— ஏங்க, அந்தப் புள்ள சொல்றதக் கேளுங்க. ஆமா சிஸ்டர், அதான் பாட்டில் தொங்குதே, ஏத்திவிட வேண்டியதுதான?

— கண்ண மூடிக்கிட்டு ஏத்த முடியாது நஃபீசாம்மா. உங்க வீட்டுக்காரருக்கு பிரஷர் எறங்கிக்கிட்டே போகுது, மூணு மணி நேரமா ஒண்ணுக்கும் சரியாப் போகல. தலையத் தாழ்த்தி காலத் தூக்குனா, கால்ல கெடக்குற ரத்தம் நெஞ்சுக்கு வரும். அத வாங்கி இருதயம் கூடத் தள்ளுச்சுன்னா, பாட்டில் போட்டா பலன் இருக்கும். தள்ளலன்னா, போடுற தண்ணி பூராம் நுரையீரல்ல போய்த் தேங்கிரும்.

— இப்பவும் ஏறலன்னா?

— பாட்டிலக் கழட்டிட்டு வேற மருந்துதான். அத இவரு இருதயம் தாங்குமான்னு டாக்டருக்கே யோசனை.

— யா அல்லாஹ்! தூக்கு சிஸ்டர். பிஸ்மில்லாஹ்.

— அசையாதீங்க பாய். இந்தா, தல தாழுது, கால் ஏறுது...

— நிறுத்து, நிறுத்து! அவரு கன்னத்தப் பாரு. தம் கட்டிட்டாரு!

— அட ஆமா! மூச்ச விடுங்க பாய்! எதுக்கு அடக்குறீங்க?

— நானா அடக்குனேன்? அதுவா அடங்குது. முப்பத்தஞ்சு வருசம் சங்குக்கு முங்குனவன் நான். தல கீழ போயி கால் மேல வந்தா, ஒடம்பு கடல்னுதான் நெனைக்கும்.

— தம் கட்டுனா நெஞ்சு இறுகி ரத்தம் உள்ள வராது பாய். அப்ப ரெண்டுவாட்டி பாத்ததும் வீண்தான்!

— எங்க ஊரு பெரியபட்டணத்துல இவரு தம்முக்குன்னு ஒரு பேரு. அந்தப் பவுச இங்கன வந்து காட்டுறாரு.

— சிரிக்க வைக்காத நஃபீசா, தையல் இழுக்குது.

— பேசிக்கிட்டே இருந்தா தம் கட்ட முடியாதுல்ல, சிஸ்டர்?

— முடியாது. ஆனா கோவப்படுத்திராதீங்க. பதறுனாலும் நம்பர் ஏறும், அத நம்பித் தண்ணி விட்டா ஆபத்து. மனசு லேசா இருக்கணும்.

— சரி, தூக்கு... ஏங்க, நம்ம சல்மானுக்கு விசா வந்துருச்சு.

— நெசமாவா?

— வாயப் பொளக்காம பேசுங்க. கத்தாருக்குப் போற புள்ளைக்கு என்ன புத்தி சொல்லுவீங்க?

— என்னத்தச் சொல்ல... குளுகுளுன்னு கடைக்குள்ள நிப்பான். காதுல ரத்தம் வடியாது, உப்புல கண்ணு எரியாது. லீவுல வந்தா கால் நனைக்கக் கடலுக்குப் போனாப் போதும் அவன். எங்க வாப்பா முங்குனாரு, நான் முங்குனேன். போதும், என்னோட முடியட்டும்...

— ஏறுது! நிறுத்தாதீங்க பாய்... நல்லா ஏறியிருக்கு. மூச்சும் சீரா இருக்கு, நாடியும் பதறல. டாக்டர்ட்ட சொல்லிட்டுப் பாட்டிலத் தொறந்துவிடுறேன்.

— அல்ஹம்துலில்லாஹ்.

— நஃபீசா, அவன வரச் சொல்லு. பாக்கணும்.

— சாயங்காலம் வருவான். நீங்க கண்ண மூடுங்க. நான் வெளியதான் இருப்பேன்.

— ஏம்மா, கதவத் தாண்டுன ஒடனே அழுகுறீங்க? அவருக்குப் பிரஷர் ஏற ஆரம்பிச்சிருச்சு. புள்ளைக்கு விசா வேற வந்திருக்கு.

— விசா எங்க வந்துச்சு, சிஸ்டர்? நாலு நாளா அவரு எடத்துல சல்மான்தான் முங்குறான்.