பீரோவுக்கு முப்பது நாள்

தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினேன். எதிர் சீட்டில் நடுத்தர வயதுக் கணவனும் மனைவியும். வண்டி கிளம்பியதுமே அந்தம்மா ஆரம்பித்தார்.

"ஏங்க, சனிக்கிழமை வீட்டைக் காலி பண்றோம். பீரோவை ஆன்லைன்ல விக்க எதுக்கு முப்பது நாளைக்கு விளம்பரம் போட்டீங்க?"

"மூணா, ஏழா, முப்பதான்னு கேட்டுச்சு. நிறைய நாள் இருந்தா நிறைய பேர் பாப்பாங்க."

"பாக்க வர்றவங்களுக்கு யாரு கதவைத் தொறப்பா? கீழ்க்கட்டளை வீட்டுச் சாவியை ஓனர் வாங்கிடுவாரே!"

"அப்ப கூடுவாஞ்சேரிக்கு எடுத்துட்டுப் போயிடலாம்."

"புது வீட்டு மாடிப்படியில பீரோ திரும்பாதுன்னு டேப் வச்சு அளந்ததே நீங்கதான்."

"மூணு நாள் போட்டா, அவசரம்னு தெரிஞ்சு விலையைக் குறைப்பாங்கம்மா."

"அவசரம்தாங்க! இன்னிக்கு வியாழக்கிழமை!"

வண்டலூர் தாண்டியதும் கணவரின் போன் அடித்தது. விலாசம் சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, "அட, நீங்கதானா அது?" என்றார். வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குக் குடி வரப்போறவராம். பீரோவை அவரே வாங்கிக்கிறாராம். அங்கேயே விட்டுட்டுப் போகச் சொல்றார்."

அந்தம்மா கண்ணை மூடி, "அப்பாடா" என்றார்.

"பாத்தியா? முப்பது நாள் போட்டதாலதான் ஆள் கிடைச்சுது."

"நேத்துதாங்க போட்டீங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் மறுபடியும் போன் அடித்தது. பீரோ இன்னும் இருக்கிறதா என்று வேறொருவர் கேட்டார். விற்றுப்போய்விட்டது என்று சொல்லி வைத்தார். உடனே இன்னொரு அழைப்பு. மனைவியைப் பார்த்தார்.

"எடுங்க. இன்னும் இருபத்தொம்பது நாளைக்கு எடுத்துக்கிட்டே இருங்க."