உலர்ந்த சோதனைக் குழாய்கள்

முதலில் ஒரு சின்ன விஷயம், மேடம். என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் தம்பி பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருக்கிறார். என் லேபாக இருந்தால் இந்நேரம் ஒரு மார்க்கு போயிருக்கும். பரவாயில்லை, இது உங்கள் அறை, உங்கள் விதி. நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் மட்டும் நடுவில் நிறுத்துங்கள்.

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் தராசு. வேறு டீச்சர்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் என்னுடையது பட்டம் மாதிரி. எனக்குப் பிடித்தேயிருந்தது.

லேபின் சுவரில் என் விதிகளைப் பெயிண்டில் எழுதிவைத்திருக்கிறேன். சாக்கட்டியில் எழுதினால் வால்தனம் செய்கிறவர்கள் ஓர் எழுத்தை அழித்து வேறு அர்த்தம் வரவழைத்துவிடுவார்கள். மணி அடித்தால் பேனா கீழே. குழாய் உடைந்தால் நான் பார்ப்பதற்குள் நீயே வந்து சொல், மார்க்கு குறையாது. அரை மார்க்கு என்பது அரை மார்க்கு, அழுதாலும் அது ஒன்றாகாது. கடைசியாக, எதையும் வாயில் வைக்காதே. இவ்வளவுதான். வருட ஆரம்பத்தில் பெற்றோர்களை வரவழைத்து இதைப் படித்துக் காட்டுவேன். பாதிப்பேர் கொட்டாவி விடுவார்கள். மீதிப்பேர், "நல்லா கண்டிப்பா இருங்க டீச்சர், வீட்ல அடங்கமாட்டேங்குது" என்பார்கள்.

செய்முறைத் தேர்வு என்னவென்று உங்களுக்குத் தெரியவேண்டும். ஆளுக்கு ஒரு சிட்டிகை வெள்ளை உப்பு கொடுப்போம். சமையல் உப்பு அல்ல, வேதியியலில் நூறு உப்பு உண்டு. சூடாக்கி, கரைத்து, அமிலம் ஊற்றி, புகையைப் பார்த்து, கடைசியில் அது இன்ன உப்பு என்று கண்டுபிடிக்கவேண்டும். ஒழுங்காகச் செய்தால் முழுநேரமும் பிடிக்கும். கண்டுபிடித்ததற்கு மூன்று மார்க்கு. கண்டுபிடித்த வழிக்கு ஏழு. வழிதான் படிப்பு, விடை வெறும் விடை.

இந்த இடத்தில்தான் நாக்கு வருகிறான். அது அவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர். சுண்டுவிரல் நுனியை உப்பில் ஒற்றி நாக்கில் வைப்பான். கரிப்பா, கசப்பா, சில்லென்று இருக்கிறதா, அவ்வளவு போதும் அவனுக்கு. அப்புறம் புத்தகத்தில் உள்ள சோதனைகளையெல்லாம் செய்ததுபோலவே கடகடவென்று எழுதிவிட்டு, பாதி நேரத்தில் பேப்பரை நீட்டி, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பான். பேப்பரில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஆனால் குழாய்களை நிறுத்திவைக்கும் தாங்கியைப் பார்த்தால் தெரிந்துவிடும். சோதனைக் குழாய்கள் எல்லாம் பொட்டு ஈரமில்லாமல் இருக்கும். உண்மையாகச் சோதனை செய்தவனின் குழாய் கழுவினாலும் சொட்டிக்கொண்டிருக்கும். உலர்ந்த குழாய் என்றால் நக்கியவன் என்று அர்த்தம். இத்தனை வருட அனுபவத்தில் இதில் நான் தப்புப் பண்ணியதே இல்லை.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"விடை சரியா இருக்கா இல்லையா?"

"இருக்கு சார். ஆனா எந்தக் குழாயையும் அவன் தொடவே இல்ல."

"கையும் களவுமா பிடிச்சீங்களா? இல்லல்ல? அப்ப மார்க்கப் போட்டுட்டுப் போங்க டீச்சர். இதெல்லாம் ஒரு விஷயமா?"

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் தன் டீயை நீட்டி, "நாக்கைக் கூப்பிடுங்க, சர்க்கரை போட்டிருக்கானான்னு பாத்துச் சொல்லட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வயிறு எரிந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், தம்பி.

என் மகளும் அந்த வகுப்புதான். பொறுமைசாலி. ஒவ்வொரு சோதனையையும் இரண்டு தடவை செய்வாள். மணி அடிக்கும்போது கடைசிச் சோதனை பாக்கி இருக்கும். மற்றவர்கள் கையிலிருந்து வாங்குமுன் அவள் கையிலிருந்துதான் முதலில் பேப்பரை உருவுவேன். டீச்சர் மகள் என்று ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாதில்லையா. தேர்வு நேரத்தில் அவள் மேசைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பேன். தற்செயலாக என் முகத்தைப் பார்த்துச் சரியா தப்பா என்று அவள் ஊகித்துவிட்டால்கூட அது அநியாயம். வீட்டில் அவள் அப்பாவுக்கு இது பிடிக்காது. "பெத்த பிள்ளைக்கு ஒரு தடவ திரும்பிப் பாத்தா உன் தராசு சாஞ்சிருமா?" என்பார். சாய்ந்துவிடும் என்பேன்.

போன தேர்வில் அவள் அரை மார்க்கில் தவறிவிட்டாள். சாப்பிடும்போது கேட்டாள்.

"அம்மா, வழியெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு? ஒரே ஒரு சோதனைதானே பாக்கி?"

"பாக்கின்னா பாக்கிதான்."

"நாக்குகிட்டதான் நான் டியூஷன் போகணும் போல."

"போயேன். அவனாவது நேரத்துக்கு முடிக்கிறான்."

விளையாட்டுப் பேச்சு. அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். லேபில் பூட்டிய அலமாரி ஒன்று உண்டு, சாவி என்னிடம். உள்ளே மண்டையோட்டுப் படம் ஒட்டிய பாட்டில்கள். அதில் ஒன்றிலிருந்து எடுத்தேன். தெரியாமல் எடுத்தேன் என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். தெரியாமல் எடுப்பதற்கு நான் என்ன கணக்கு வாத்தியாரா? லேப் உதவியாளர்கூடக் கேட்டார்.

"டீச்சர், இத வருஷக்கணக்கா யாரும் தொட்டதில்லையே. இந்த பாட்டில்தானா?"

"இதேதான்ணே. பாடத்துல இருக்கு. கையுறை போட்டுக்குங்க."

அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் கையுறை போட்டிருந்தார், வேலை முடிந்து கையும் கழுவினார்.

வழக்கமாக ஆளுக்கு வேறு வேறு உப்பு கொடுப்போம். அன்று எல்லாருக்கும் அதையே கொடுத்தேன். அவன் ஒருவனுக்கு மட்டும் கொடுத்தால் அது பழிவாங்குவது. எல்லாருக்கும் கொடுத்தால் அது தேர்வு. விதிப்படி நடப்பவனுக்கு அந்த உப்பால் ஒரு கெடுதலும் இல்லை. கையுறை போட்டுக் குழாயில் போட்டால், புத்தகத்தில் உள்ளபடி நிறம் காட்டிவிட்டுப் போய்விடும்.

ஒவ்வொரு தேர்வுக்கு முன்னாலும், "யாரும் எதையும் வாயில் வைக்காதீர்கள்" என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்வது என் பழக்கம். அன்று சொல்லவில்லை. சுவரில்தான் எழுதியிருக்கிறதே.

நாக்கு விரலை ஒற்றியதைப் பார்த்தேன். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றால் அதுதான் சமயம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே தோட்டக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிகளைவிட நடைபாதைக்கு அதிகமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவன் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக ஒற்றியிருக்கிறானாம். பழக்கமில்லாத ருசி, பாவம், பிடிபடவில்லை போல.

அவனிடம் கற்றுக்கொண்ட சீடர்கள் நாலு பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வகுப்பில் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறார்கள். நான் ஆசிரியர் அறையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். வராந்தாவில் ஓடும் சத்தம் கேட்டது. வராந்தாவில் ஓடக் கூடாது என்பது தலைமையாசிரியரின் விதி, என்னுடையது அல்ல. அதனால் எழுந்து பார்க்கவில்லை.

நாக்கு இன்று காலை போய்விட்டான் என்றீர்கள். அவன் அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொன்னீர்கள். வயிற்றுவலி வந்து புத்தி வரட்டும் என்றுதான் கொடுத்தேன் என்று நேற்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எவ்வளவு உள்ளே போனால் என்ன ஆகும் என்பதைப் பூட்டைத் திறப்பதற்கு முன்பே படித்துவிட்டேன். அந்தப் பையனைக் கொன்றது நான். தெரிந்தே செய்தேன். தம்பி, அப்படியே எழுதுங்கள், சுற்றி வளைக்கவேண்டாம். கையெழுத்துப் போட்டுத்தருகிறேன்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஆறு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை மட்டும் மாற்றுங்கள். நக்கியவர்கள் ஐந்து பேர். ஆறாவது என் மகள். அவள் கணக்கு வகுப்பில் மயங்கி விழுந்தது நிஜம். இன்னும் கண் திறக்கவில்லை என்பதும் நிஜம். அவள் அப்பா ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், என் போனை மட்டும் எடுக்கமாட்டேன் என்கிறார். அவள் காலையில் சாப்பிடாமல் வந்தாள், மேடம். தேர்வென்றால் அவளுக்குச் சோறு இறங்காது. பசி மயக்கத்தை எல்லாம் இதில் சேர்த்தால் கணக்கு தப்பாகிவிடும்.

சந்தேகமாக இருந்தால் அவள் பேப்பரைப் பாருங்கள், திருத்தி வைத்துவிட்டுத்தான் வந்தேன். முதல் தடவையாக மணி அடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? எல்லாச் சோதனையும் வரிசையாக எழுதியிருக்கிறாள், விடையும் சரி. பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன். முதல் தடவையாக அவள் மேசைப் பக்கம் திரும்பியும் பார்த்தேன். குழாய்களை எவ்வளவு சுத்தமாகத் துடைத்து அடுக்கிவைத்திருந்தாள் என்கிறீர்கள், ஒன்றில்கூட ஒரு சொட்டு ஈரமில்லை.