ராவுத்தர் கட்டிய கம்ப்யூட்டர்

பெருமதிப்பிற்குரிய வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்பு பேசி அமர்ந்த பெரியோர்களே, ஜமாஅத்தார்களே, கடையடைத்து வந்திருக்கும் ராஜபாளையத்து வணிகப் பெருமக்களே! ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் கண்ணுச்சாமியின் வணக்கம். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மறைந்த ஜபருல்லா ராவுத்தரின் நண்பன். அந்த இரண்டாவது தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

வானொலி வித்தகர் என்றார்கள். பள்ளிவாசல் மைக் செட்டைச் சொன்னார்கள். சங்கப் பொருளாளராக இருந்த நேர்மையைச் சொன்னார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் அவர் உயிரையே வைத்திருந்த ஒன்றைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே! தெரிந்த ஒன்றிரண்டு பேரும், வயசான காலத்தில் பாய்க்கு விளையாட்டு என்று சிரித்தவர்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் அதைத்தான் பேசப் போகிறேன்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால், கம்ப்யூட்டரைக் கடையில் வாங்க வழியில்லாத காலத்தில், வெளிநாட்டில் சில பேர் பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்து வீட்டிலேயே அதைக் கட்டினார்கள். அப்படி ஒரு வரைபடத்தை ராவுத்தர் இன்டர்நெட்டிலிருந்து எடுத்தார். சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் அந்தக் காலத்துப் பாகங்களைத் தேடி அலைந்தார். ஒவ்வொரு வயராகச் சால்டர் வைத்தார். முடித்தபோது அது எப்படி இருந்தது? திரை இல்லை, கீபோர்டு இல்லை. ஒரு மரப்பெட்டி, முகப்பில் ஒரு வரிசை சுவிட்சு, அதற்கு மேலே ஒரு வரிசை சிவப்பு லைட். நம் தலைவர்கூட ஒருநாள் கேட்டார், இதில் வாட்ஸ்அப் வருமா என்று. "வராது. அதுக்காகத்தான கட்டுனேன்" என்றார் ராவுத்தர்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம். கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தள்ளி, முதலிலிருந்து வரி வரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அத்தனையும் பாழ். அந்த வரிகளை எழுதிய தாளையும் பார்த்துச் சுவிட்சையும் பார்க்க ஒற்றை ஆளால் ஆகாது. ஆகவே இங்கே கரண்ட் போய் வந்தால் எனக்குப் போன் வரும். என் வீட்டில் அந்தத் தாளின் நகல் உண்டு. நான் "மேல, மேல, கீழ, மேல" என்று வாசிப்பேன். அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சுவிட்சைத் தள்ளித் திருப்பிச் சொல்வார். எல்லாம் முடிந்ததும் அது என்ன செய்யும்? இரண்டு எண்களைக் கூட்டும். அதற்கா இத்தனை பாடு என்பீர்கள். ஆமாம், அதற்குத்தான்!

கரண்ட் போனாலும் மறக்காத சிப் மலிவாகக் கிடைக்கிறது, ஒன்று வைத்துவிடலாம் என்று எத்தனையோ தடவை மன்றாடினேன். வரைபடத்தில் இல்லாததைச் சேர்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். கடைசியில் ஒருநாள் சொன்னார்: "அம்புட்டையும் அதுவே ஞாபகம் வச்சுக்கிட்டா, பொறவு நீரு எதுக்கு, நான் எதுக்கு?"

அன்பர்களே, என் வீட்டில் நான் மட்டும்தான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் கௌதம்ராஜ் வெளிநாட்டில். கரண்ட் போனால் ஊரே சலித்துக்கொள்ளும், எனக்கு மட்டும் சந்தோஷமாக இருக்கும். இன்றைக்கு யாராவது கூப்பிடுவார்கள் என்ற சந்தோஷம்.

ராவுத்தரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. கடைசியாக அவர் கையால் போட்டது அதற்குள் இருந்தது. அதை யாரும் அணைக்கக் கூடாது என்று அவர் மனைவி நூர்னிசா அம்மாள் சொல்லிவிட்டார். அவர் இத்தாவில் இருக்கிறார். கணவரை இழந்தவர் இத்தா இருக்கும் வீட்டுக்குள் வெளி ஆண்கள் போவதில்லை, நானும் போகவில்லை. லைட் எரிகிறதா என்று மருமகள் சப்ரீனிடம் போனில் கேட்பதோடு சரி. சின்னச் சின்னத் தடங்கலையெல்லாம், அவர் போன பிறகு பெட்டிக்கு மாட்டிய இன்வெர்ட்டர் தாங்கியது. போன வாரம் பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. சாயந்திரம் பெட்டி அணைந்துவிட்டதாகச் சப்ரீன் சொன்னது.

போய்விட்டது, ஐயா! மனிதரை அடக்கம் செய்த அன்று அழாத நான், அன்றைக்கு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. திரையில் ராவுத்தர் பெயர். பேசியவர் நூர்னிசா அம்மாள்.

"அண்ணே, கரண்டு வந்திருச்சு. நீங்க வாசிங்க, நான் போடுதேன்."

பழக்கமில்லையே என்று இழுத்தேன். அடுப்படியில் நின்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன் என்றார்.

வாசித்தேன். அவர் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொன்னார். நடுவில் நான் ஒரு வரியைத் தவறவிட்டேன், மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். ஒருவழியாக முடிந்தது. கூட்டிப் பார்க்கச் சொன்னேன், விடை சரியாக வந்தது. போனை வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. பிறகு அவர்தான் கேட்டார்.

"அண்ணே, இனி எப்ப கரண்டு போவும்?"

சபையோர்களே, ராவுத்தர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று தீர்மானம் வாசிக்கச் சொல்லி என் கையில் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று அதை நிறைவேற்றுங்கள், நானும் நிற்கிறேன். ஆனால் என் உறுதிமொழி வேறு. அவர் வீடு அடுத்த தெருதான். இந்த ஒலிபெருக்கி அங்கே கேட்கும் என்பதால் சொல்கிறேன். தங்கச்சி, அந்தப் பெட்டியில் எந்தச் சிப்பையும் நான் சேர்க்க மாட்டேன். என் கண் தெரிகிற வரைக்கும் நான் வாசிக்கிறேன், நீங்கள் போடுங்கள்.