கழுவி நிறுத்திய வண்டி

அந்த ஷோரூமில் காப்பி நன்றாக இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. அந்த இடத்தின் மேல் ஏதோ பழைய பகையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பொத்தானை அழுத்தினால் நுரையோடு வந்து விழும், வேண்டிய மட்டும் குடிக்கலாம். அன்று நான் வயிறு நிறையக் காப்பியாகவே குடித்தேன். அதைத் தவிர அங்கே எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துவேன், கழன்றுபோன கைகளுக்குத் திருகாணி போட்டுத் தருவேன். எறும்புத் தலை அளவுதான் இருக்கும் அந்தத் திருகாணி. பொறுமை இல்லாதவன் இந்தத் தொழிலில் ஒரு வாரம் தாங்க மாட்டான். ஆகவே நான் முன்கோபக்காரன் என்று எங்கள் தெருவில் யாராவது சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

வண்டி என் மகளுடையது. கல்யாண வயது வந்து, அதைத் தாண்டிக்கொண்டும் இருந்தாள். ஆனாலும் எனக்கு அவள் பாப்பாதான். ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை. விடியற்காலையில் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து, பின் சீட்டில் கட்டிய ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவாள். "என்னப் பாத்து அழாத குழந்தையே இந்த ஊர்ல கிடையாதுப்பா" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் சத்தம் என்று இருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

முன் பிரேக் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "பிடிச்சா லிவர் கைப்பிடியோட வந்து ஒட்டிக்குதுப்பா. சில நேரம் பிடிக்குது, சில நேரம் சும்மா உள்ள போகுது." தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம் என்றாள். நான்தான் தடுத்தேன். வண்டி வாங்கிய இடம் அவ்வளவு பெரியது. தெருவின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடியாகவே நிற்கும். அங்கே நடக்காத வேலையா தெருமுனையில் நடந்துவிடும்? "உனக்கு இன்னிக்கு லீவு, நல்லா தூங்கு. நான் போய்ப் பேசி சரி பண்ணிட்டு வர்றேன். நான் பேசினா நடக்கும்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தாள். மாற்றுச் சாவி எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். அவள் சாவியைத் தொலைப்பதில் கெட்டிக்காரி.

வாசலில் ஒரு பெண் கும்பிட்டு, புது மாடல் பார்க்க வந்தீர்களா என்றாள். இல்லை, பிரேக் என்றேன். அவள் முகம் உடனே வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதில் தப்பில்லை, அவள் வேலை அது. நடுக்கூடத்தில் ஒரு புது வண்டி மேடை மேல் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. சர்வீஸ் பின்பக்கம் என்று கையைக் காட்டினார்கள்.

அங்கே ஒரு இளைஞன். காதில் போன் மாட்டியிருந்தான். என் கண்ணைப் பார்த்து, "சொல்லுங்க சார்" என்றான். நானும் பிரேக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பாதியில் கையை உயர்த்தி, "சார், உங்கள இல்ல, லைன்ல இருக்கேன்" என்றான். பிறகு மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.

"ஜெனரல் சர்வீஸ் போட்டுரலாம் சார். பிரேக் அதுலயே வந்துரும்."

"பிரேக்கை மட்டும் முதல்ல பாருங்க தம்பி. பொண்ணு ஓட்டற வண்டி."

"கண்டிப்பா சார். ஒரு சின்ன ரிக்வெஸ்ட். கம்பெனிலேருந்து போன் வரும். பத்துக்குப் பத்து சொல்லிருங்க. ஒம்பதுன்னு சொன்னாக்கூட எங்களுக்கு ஃபெயில் சார்."

வண்டியை இன்னும் ஒருவர் கூடத் தொடவில்லை. அதற்குள் மார்க். மனத்துக்குள் அவனுக்குப் பத்துக்குப் பத்து என்று பெயர் வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அவன் மேல் கோபம் இல்லை, சிரிப்புதான் வந்தது.

காத்திருக்கும் அறையில் மெத்தை நாற்காலிகள், ஒரு டிவி. டிவியில் ஒருவன் மலைப்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டே இருந்தான். நான் அங்கே இருந்த வரைக்கும் அவன் எங்கேயும் போய்ச் சேரவில்லை. என் வண்டி என்ன ஆயிற்று என்று பத்துக்குப் பத்தைக் கேட்டேன். சூப்பர்வைசரைக் கேளுங்கள் என்றான். சூப்பர்வைசர் உதிரி பாகம் கொடுக்கும் ஜன்னலுக்கு அனுப்பினார். ஜன்னலில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார், வந்ததும் மறுபடி பத்துக்குப் பத்திடமே அனுப்பினார். இப்படி என்னைப் பந்தாடினார்கள். ஒருவர் கூடக் கடுமையாகப் பேசவில்லை. எல்லாரும் சார் சார் என்றுதான் பேசினார்கள். யாராவது ஒருவர் திட்டியிருந்தால் கூட நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

சாவி கவுண்டரில் இருந்த பெண் மட்டும் என்னை அப்பா என்றாள். "அப்பா, சாப்டீங்களா? காலைலேருந்து காப்பியா குடிக்கிறீங்க" என்று தன் பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். நல்ல பெண்.

அந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் வேலை முடிந்த பிறகுதான் வண்டியைக் கழுவித் தருவார்கள். அங்கே முதலில் கழுவித் துடைத்து, வாசலை ஒட்டிய வரிசையில் காய வைத்துவிட்டு, அப்புறம்தான் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவார்கள். மெக்கானிக் கையில் சேறு படக் கூடாதாம். இது அன்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் வெளியே வந்து பார்த்தால் பாப்பாவின் வண்டி வாங்கிய அன்று இருந்ததைப் போலப் பளபளவென்று வரிசையில் நிற்கிறது. வேலை முடிந்து அங்கே நிற்கிற வண்டியைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்காமல், என்னைக் கால் கடுக்க அலையவிட்டிருக்கிறார்கள் என்றுதானே எனக்குத் தோன்றும்? பெரிய லாரியிலிருந்து புது வண்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கதவு விரியத் திறந்திருந்தது, காவலாளி லாரிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மாற்றுச் சாவியைப் போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மெதுவாகத்தான் ஓட்டி வந்தேன். பிரேக்குக்கு அவ்வளவாக வேலை வரவில்லை.

மறுநாள் காலை நாற்சந்தியில் ஒரு தண்ணீர் லாரி. லாரிக்காரர் மேல் தப்பில்லை என்று நீங்களே சொன்னீர்கள். பிரேக்கைப் பிடித்திருக்கிறாள், பிடிக்கவில்லை.

அவளுடைய போனை என் கையில் கொடுத்தார்கள். அது அடித்துக்கொண்டே இருந்தது. வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்கள். "எம்மா, எப்ப வருவ? பசி தாங்கல" என்றார் ஒரு பெரியவர். இன்றைக்கு வர மாட்டாள், நீங்கள் சாப்பிடுங்கள் என்றேன். கூப்பிட்ட எல்லாரிடமும் சாப்பிடுங்கள் என்றே சொன்னேன். ஐஸ் பெட்டிக்குள் இருந்த ரத்தக் குப்பிகளில் ஒன்று கூட உடையவில்லை. பரிசோதனை நிலையத்து ஆள் வந்து அதை வாங்கிப் போனார். அவ்வளவு பத்திரமாகக் கட்டத் தெரிந்தவள், ஐயா.

காரியமெல்லாம் முடிந்து வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோது கம்பெனியிலிருந்து போன் வந்தது. எங்கள் சேவைக்குப் பத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று ஒரு குரல். பத்து என்றேன். மிக்க நன்றி என்றது.

அதற்குப் பிறகுதான் மறுபடி அங்கே போனேன். பத்துக்குப் பத்து என் கண்ணைப் பார்த்து, "சொல்லுங்க சார், வண்டி என்ன மாடல்?" என்றான். அதே சிரிப்பு. அவனுக்கு என் முகம் நினைவில் இல்லை. அவன் முகமோ எனக்குத் தூக்கத்தில் கூட மறக்கவில்லை. சும்மா விசாரிக்க வந்தேன் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தேன். சாவி கவுண்டர் பக்கம் மட்டும் நான் போகவில்லை.

வேலை செய்கிறவர்கள் வண்டியை நிறுத்துவது பின்சந்தில். அவன் வண்டி எது என்று தெரிந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை. திருகாணியைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுண்டு. முழுக்கக் கழற்றினால் உடனே விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்சமாகத் தளர்த்திவிட்டால் தானே நேரம் பார்த்துக் கழன்றுகொள்ளும். முன் பிரேக்கில் அப்படித்தான் செய்தேன். மூக்குக்கண்ணாடி வேலையை விடச் சுலபமாக இருந்தது. கேமராவில் என் முகம் தெரிகிறது என்றீர்கள். இருக்கலாம். நான் மறைக்கவில்லை. அவன் வீட்டிலும் ஒரு போன் இப்படி அடித்துக்கொண்டே இருக்கட்டும், யாராவது அதை எடுத்துப் பதில் சொல்லட்டும் என்று நினைத்தேன். அதில் என்ன அநியாயம் இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

வேலை விட்டு அவன் வெளியே வந்தான். சந்துக்கு எதிர்ப்பக்கம் நான் நின்றிருந்தேன். வண்டியைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தான். சாவி கவுண்டர் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "ஏங்க, ஹெல்மெட்ட உள்ளயே வெச்சிட்டேன்" என்றாள். "ரெண்டு தெருதானே, ஏறு" என்றான். அப்போதுதான் தெரிந்தது, அவள் அவன் மனைவி என்று. அவள் ஏறி உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கூப்பிட்டிருக்கலாம். தூரம் ஒன்றும் அதிகமில்லை. அப்போது தொண்டை அடைத்துவிட்டது என்று நேற்று உங்களிடம் சொன்னேன்.

அவள் போய்விட்டாள், அவன் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிறானாமே. அழட்டும். நானும் அழுதேன்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஷோரூமிலிருந்து நான் வண்டியை எடுத்து வந்த அன்று சாயங்காலம் அவன் மனைவி எனக்குப் போன் செய்ததாக அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். அதைப் பற்றி அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்த ஒரே ஆள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தபோது, என் தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை, ஐயா. வாயை மூடிக்கொண்டு நின்றேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமாம், போன் வந்தது. "அப்பா, வண்டியக் கழுவத்தான் செஞ்சிருக்காங்க. பிரேக்க இன்னும் தொடவே இல்ல. யாரையும் ஓட்ட விடாதீங்கப்பா. காலைல நானே ஆளனுப்பி எடுத்துக்கறேன்" என்றாள். பதற்றமாகப் பேசினாள். சரி என்றேன். அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. வரும் வழியில் ஒரு திருப்பத்தில் பிரேக்கைப் பிடித்தபோதே லிவர் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. அப்போதே திரும்பியிருக்கலாம். திரும்பினால் அவர்கள் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும்.

நான் போனை வைத்ததும் பாப்பா உள்ளிருந்து வந்தாள். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சந்தோஷத்தில் கையைத் தட்டினாள்.

"யாருப்பா போன்ல?"

"ஷோரூம்லேருந்துதான். வண்டி ஒழுங்கா வந்து சேந்துச்சான்னு கேக்கறாங்க."

"பிரேக் பாத்துட்டாங்களா?"

"பாத்தாச்சு பாப்பா."

"நீங்க பேசினா நடக்கும்னு சொன்னீங்கல்ல, நடந்துருச்சு" என்றாள்.

அப்படிச் சொன்ன பிறகு எந்த அப்பா அதை மறுத்துப் பேசுவான், சொல்லுங்கள். காலையில் அவள் கிளம்பும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், பஸ்ஸில் போகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன். நாளெல்லாம் அலைந்த களைப்பு. அப்பா தூங்கட்டும் என்று அவள் சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கிறாள். அன்றைக்கு மட்டும் அவள் என்னை எழுப்பியிருந்தால், ஐயா, இரண்டு பெண்களும் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள்.