தலையசைப்புக்குக் காத்திராத கார்பன்

திண்டுக்கல் தந்த தாவரவியல் திருவிளக்கே! பச்சிலைக்குள் நிகழும் பணியைப் பாமரரும் உணரப் பகர்ந்த பண்பாளரே! கண்டிப்பிலும் கனிவு குறையாத பேராசிரியர் நர்கீஸ் அம்மையீர்! பணிநிறைவு காணும் தங்களை வணங்கி, தங்கள் துறையினர் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல் இது.

முப்பதாண்டுக்கும் மேலான தங்கள் பணியின் பெருமைகளை அடுக்க இந்த மடலின் கண்ணாடிச் சட்டம் போதாது. ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

இலை விழுங்கும் கரியமில வாயு முதலில் எந்தப் பொருளாகிறது, பின்னர் எப்படிச் சர்க்கரையாகிறது என்று அறிய, வாயுவின் கார்பனுக்குக் கதிரியக்க அடையாளமிட்டுப் பாசிக்கு ஊட்டுவீர்கள். ஊட்டிய சில நொடிகளில் குழாயைத் திறந்ததும் பாசி கொதிக்கும் ஆல்கஹாலில் விழுந்து மாயும். கார்பன் அதுவரை வந்த இடத்திலேயே நின்றுவிடும். அது எந்தப் பொருளில் நின்றது என்பதை, பாசியின் பொருள்களைத் தாளில் பிரித்து அதன்மேல் வைத்த பிலிமில் விழும் கரும்புள்ளி காட்டும்.

தங்கள் ஆய்வு மாணவி ஒச்சாயிக்கோ, மிகக் குறுகிய சோதனையிலும் புள்ளிகள் சர்க்கரை வரை சிதறிக் கிடந்தன. அடையாளமிட்ட கார்பன் இன்னும் ஒரு சோதனைக்கே மிச்சம். அதுவும் பிழைத்தால் அவருடைய பட்டம் போயிற்று.

"நேரத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதிட்டா எல்லாம் சரியாப் போயிரும் மேடம்" என்றார் நம் ஆய்வக உதவியாளர் ஆல்வின்.

"கூட்டி எழுதுற கை நாளைக்கு எதை எழுதாது?" என்று மறுத்த தாங்கள், வெறும் தண்ணீரை ஊற்றிச் செய்து காட்டச் சொன்னீர்கள். ஒச்சாயி குழாயில் கை வைத்தார்; நிமிர்ந்தார்; நின்றார்.

"ஏம்மா, திறக்காம என் மூஞ்சிய எதுக்குப் பாக்குற?"

"நீங்க தலையாட்டணும்ல மேடம்!"

"பாசி என் தலையாட்டலுக்கா காத்திருக்கும்? நீ பாக்குற நேரத்துல கார்பன் பாதித் தூரம் போயிருமே!"

"நீங்க தலையாட்டாம இங்க டிபன் பாக்ஸக்கூடத் திறக்க மாட்டோம் மேடம்" என்றார் ஆல்வின். எல்லோரும் சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை.

"அப்ப இது இவ தப்பில்ல. நான் பழக்கிவிட்டது."

கடைசிச் சோதனையன்று தாங்கள் ஆய்வகத்துக்குள் வரவேயில்லை. வராந்தாவில் எங்களுக்கு முதுகு காட்டி, மலைக்கோட்டையைப் பார்த்தபடி நின்றீர்கள்.

"மேடம், செத்த உள்ள வாங்களேன். கை நடுங்குது."

"நடுங்கட்டும். நடுங்கிக்கிட்டே திற."

திறந்தார். பிலிமைக் கழுவி எடுத்தபோது, முதற்பொருளாம் மூன்று கார்பன் அமிலம் நிற்க வேண்டிய இடத்தில் மையாய் ஒரு புள்ளி. மற்ற இடமெல்லாம் மங்கல்.

"சரியா மேடம்?" என்று ஓடி வந்தார் ஒச்சாயி.

"என்னய ஏன் கேக்குற? பிலிம் சொல்லுதுல்ல!"

அம்மையீர்! மதிக்கப்படுவதில் மகிழ்வோர் பலர்; அம்மதிப்பே மாணவிக்குத் தடையானதை உணர்ந்து முதுகு காட்டி நின்ற மாண்பு தங்களுடையது. நோய்நொடியின்றி, நிறைந்த நெஞ்சோடு, நெடுங்காலம் தாங்கள் வாழ்க!

இம்மடலை வாசித்துக்கொண்டிருப்பவர் முனைவர் ஒச்சாயி. நாளை முதல் அந்த ஆய்வகம் அவர் பொறுப்பு. வாசிக்கத் தொடங்குமுன் நிச்சயம் தங்கள் முகத்தைப் பார்த்திருப்பார். முடித்ததும் மறுபடி பார்ப்பார்.

அப்போது மட்டும், அம்மா, மலைக்கோட்டைப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
தாவரவியல் துறையினர்

மடல் வரைந்தவர்: மணிமேகலை,
தமிழ்ப் பேராசிரியை (ஓய்வு)
திண்டுக்கல்