நாற்பத்திரண்டாவது கொட்டை

தர்மன்: எத்தினி வாட்டிதான் எண்ணுவ முத்தம்மா? சாப்புட வா.

முத்தம்மா: நாப்பத்திரெண்டுய்யா. நம்ம சந்துல, இந்தக் கல்லியில இருக்கிறதே நாப்பத்தோரு வீடு. வீட்டுக்கு ஒரு ஓட்டு, ஒரு புளியங்கொட்டைதான். இது எங்கிருந்து வந்துச்சு?

தர்மன்: எங்கிருந்தோ வரட்டும். ஜெயிச்சது நீ. இனிமே தண்ணி டேங்கர் வந்தா எம் பொண்டாட்டி சொல்றதுதான் வரிசை.

முத்தம்மா: கிண்டலா?

தர்மன்: சேச்சே... உனக்கு இருபத்திமூணு, பவுனுக்குப் பதினெட்டு, எனக்கு...

முத்தம்மா: ஒண்ணு.

தர்மன்: ஒண்ணுன்னா என்ன? இந்த டெல்லி வெயில்ல ரெண்டு வருசம் விசில் ஊதுனவனுக்கு அதாவது விழுந்துச்சே.

முத்தம்மா: நம்ம வீட்டுக் கொட்டைய உங்கிட்டத்தான குடுத்தேன். உனக்கே போட்டுக்கிட்டன்னு பக்கத்து வீட்டுக் கோமளா சிரிக்கிறா.

தர்மன்: சிரிக்கட்டும்.

முத்தம்மா: போட்டுக்கிட்டியா?

தர்மன்: அத வெளிய சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சட்டம் வச்சீங்க. இந்தா, விசில நீ வச்சுக்க.

முத்தம்மா: வேணாம். அது என்ஜிஓக்காரங்க குடுத்தது.

தர்மன்: ஆமா... நாற்காலி, ரப்பர் ஸ்டாம்பு, இங்கிலீஷ்ல சட்டம். எல்லாம் குடுத்தாங்க. தர்மன்தான் தலைவர்னு அவங்களே சொன்னாங்க, அவங்களே கைதட்டுனாங்க. அவங்க வண்டி மெயின் ரோட்டத் தாண்டக்கூட இல்ல, அதுக்குள்ள என் விசிலுக்கு ஒரு ஆளு திரும்பல.

முத்தம்மா: உம்மேல தப்பில்லய்யா.

தர்மன்: டிவில காட்டுனானே, ஏதோ ஒரு நாடு... வெளிநாட்டுப் பட்டாளம் வந்து எலெக்‌ஷன் வச்சுக் குடுத்துட்டு பிளேன் ஏறிப் போச்சு. மறு வாரமே எல்லாம் கலைஞ்சிருச்சு. அதப் பாத்து அழுதேன் நானு. உனக்குத் தெரியாது.

முத்தம்மா: தெரியும். வெங்காயம்னு சொன்ன.

தர்மன்: அந்த நாட்டு ஜனங்களே உக்காந்து பேசியிருக்கணும். டேங்கர் சண்டையில மேகலா மண்ட ஒடஞ்ச அன்னிக்கு நீங்க எட்டுப் பொம்பளைங்க பேசி இந்த ஓட்ட வச்சீங்களே, அந்த மாதிரி. யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு? இது நிக்கும் பாரு.

முத்தம்மா: எங்க நிக்கிது... கள்ள ஓட்டுங்கறா பவுனு.

தர்மன்: புள்ளைங்க வெளையாட்டாப் போட்டிருக்கும்னு சொல்லிடு.

முத்தம்மா: மொத நாளே பொய்யா?

தர்மன்: மறுபடி போடச் சொன்னா நீ தோத்தாலும் தோத்துருவ. பேசாம இரு.

முத்தம்மா: உன்னால முடியுது, என்னால முடியல. அந்த ஒண்ணப் பாத்ததுலருந்து மொகமே மலந்து கெடக்கு... யாரோ உன்ன நம்பிப் போட்டாங்கன்னு.

தர்மன்: சந்தோசந்தான். ஏன், படக்கூடாதா?

முத்தம்மா: அதான்யா சொல்ல வாய் வரல... கோவிச்சுக்காத. அது நான் போட்டது. சேல மறைப்புக்குப் பின்னாடி ஓட்டுப் போட ஆளுக்கொரு சொம்பு வைக்கும்போது... ஊரே பாக்க உன் சொம்பக் கவுத்து, ஒண்ணும் விழலன்னா... என்னால தாங்க முடியாதுய்யா.

தர்மன்: இப்ப என்ன பண்ணப் போற?

முத்தம்மா: காலையில டேங்கர் வர்றதுக்குள்ள எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன். திட்டட்டும், மறுபடி வைக்கட்டும். ஆமா... உன் சொம்புல இருந்தது என்னுதுன்னா, நம்ம வீட்டுக் கொட்டைய நீ எங்க போட்ட?

தர்மன்: எல்லாக் கொட்டையும் காஞ்சு கெடந்துச்சு, எனக்கு விழுந்தது மட்டும் ஈரமா இருந்துச்சு. இன்னிக்கு கல்லியிலயே புளி கரைச்சது நம்ம வீடுதான். அது நீ போட்டதுன்னு அப்பவே தெரியும் எனக்கு... நீ போய்ச் சொல்லு. மறுபடி வச்சாலும் நம்ம வீட்டுக் கொட்டைய உன் சொம்புலதான் போடுவேன்.